ஏழு வரிக் கோப்பும் ஒரு பொத்தானும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் டைரக்டரி சர்வர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தோடு. இரண்டாம் முறை கையில் பேனாவோடு.

ஒரு நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்பதையெல்லாம் ஓரிடத்தில் வைத்திருக்கும் இந்தச் சர்வருக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். இருபத்தோராவது ஆண்டாக இதைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். என்ன வேலை என்பதை இதுவரை என் வீட்டாருக்கே விளங்க வைக்க முடிந்ததில்லை. கட்டுரையை வெட்டி அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

அம்மா கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. கட்டுரையின் கடைசிப் பத்திதான் உறுத்தியது. பெயர்களைச் சேர்க்கவும் திருத்தவும் இப்போது அழகான வலைப்பக்கங்கள் வந்துவிட்டன, கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது பழைய ஆட்களின் பிடிவாதம், தட்டச்சில் ஓர் எழுத்துப் பிசகினாலும் எல்லாம் பாழ், மீட்கவே முடியாது என்ற பொருளில் கட்டுரையாளர் முடித்திருந்தார். மிரட்டுவதற்கென்றே ஒரு கறுப்புத் திரைப் படமும் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் பழைய ஆட்களில் நானும் ஒருத்தி. பிடிவாதம் உண்டு, மறுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கட்டளைகளின் பெயர்களை, நாங்கள் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போலவே எழுதுகிறேன். எல்டாப்ஆட் என்றால் சேர். எல்டாப்மாடிஃபை என்றால் திருத்து. எல்டாப்சர்ச் என்றால் தேடு. துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் போதும்.

எல்டாப் (லைட்வெயிட் டைரக்டரி ஆக்சஸ் புரோட்டோகால்) என்பது டைரக்டரி சர்வரோடு பேசும் முறைக்குப் பெயர். 1988-இல் டைரக்டரிகளுக்கென்று எக்ஸ்.500 என்ற தரநிலை வந்தது. அந்தக் காலத்து மேசைக் கணினிகள் சுமக்க முடியாத கனம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் அதற்கு இலகுவான ஒரு வாசல் அமைத்தார்கள். 1993-இல் அது, இணைய விதிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், 1487 என்ற எண்ணில் வெளிவந்தது. 'லைட்வெயிட்' என்ற சொல் பெயரிலேயே இருப்பது அதனால்தான். இன்று புழங்கும் மூன்றாம் பதிப்பு 1997-ஐச் சேர்ந்தது. 2006-இல் அதைத் திருத்தி ஒழுங்குபடுத்தி மறுபடி எழுதினார்கள். நான் பேசப்போகும் கருவிகள் 1998-இல் தொடங்கிய ஓப்பன்எல்டாப் திட்டத்தோடு வருபவை. இந்த ஆண்டுகளைப் பார்த்ததும் 'பழசு' என்ற தம் வாதத்துக்கு நானே சாட்சி சொல்லிவிட்டதாகக் கட்டுரையாளர் மகிழக்கூடும். மகிழட்டும்.

ஒருவரைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் நான் முதலில் சர்வரைத் தொடுவதே இல்லை. வெறும் உரைக் கோப்பு ஒன்றைத் திறக்கிறேன். முதல் வரியில் 'டிஎன்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அந்த ஆளின் முழு இருப்பிடத்தைச் சொல்கிறேன். அஞ்சல் முகவரி எழுதுவது போலத்தான். முதலில் ஆள், அப்புறம் அவர் இருக்கும் பிரிவு, அப்புறம் நிறுவனம். யுஐடி=புதியவர், ஓயு=பீப்பிள், டிசி=எக்ஸாம்பிள், டிசி=காம். (எக்ஸாம்பிள் டாட் காம் என்பது உதாரணம் காட்டுவதற்கென்றே 1999-இல் ஒதுக்கி அறிவித்த பெயர். யார் வீட்டுக் கதவையும் நான் தட்டவில்லை.) அடுத்த வரி ஆப்ஜெக்ட்கிளாஸ், அதாவது இது எந்த வகைப் பதிவு என்பது, ஆட்களுக்கு ஐநெட்ஆர்க்பர்சன் என்று போடுவோம். பிறகு யுஐடி என்கிற பயனர் அடையாளம், சிஎன் என்கிற வழங்குபெயர், எஸ்என் என்கிற குடும்பப்பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண். மொத்தம் ஏழு வரி. இந்த எழுத்துமுறைக்கு எல்டிஃப் என்று பெயர். 2000 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 2849 அதன் இலக்கணம்.

ஏழு வரியையும் படித்துப் பார்த்த பிறகுதான் கட்டளை. எல்டாப்ஆட், ஹைஃபன் எக்ஸ், இரண்டு பெரிய இசட், பெரிய டி போட்டு நான் யார் என்ற விவரம், பெரிய டபிள்யூ, எஃப் போட்டுக் கோப்பின் பெயர். இதில் அந்த இரண்டு இசட்டை மட்டும் என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். ஓர் இசட் போட்டால், மறையாக்கத்துக்கு (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதற்கு) முயன்று பார்த்துவிட்டு, அமையாவிட்டாலும் பரவாயில்லை என்று கருவி மேலே போய்விடும். இரண்டு போட்டால், மறையாக்கம் அமையாத வரை பேச்சே கிடையாது. அது இல்லாமல் சர்வரின் 389-ஆம் வாயில் (போர்ட்) வழியே போனால் கடவுச்சொல் அஞ்சல் அட்டையில் எழுதியது போல வெளிப்படையாகப் போகும்.

எல்லாம் சரியாக இருந்தால் புதிய பதிவைச் சேர்க்கிறேன் என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், பாராட்டு கிடையாது. தவறாக இருந்தால் ஓர் எண் வரும். அந்த எண்களுக்காகவே நான் கறுப்புத் திரையை விடமாட்டேன். 68 என்றால் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். 32 என்றால் நான் சொன்ன இடமே டைரக்டரி மரத்தில் இல்லை; நிறுவனம், பிரிவு, ஆள் என்று எல்லாம் கிளை கிளையாக இருப்பதால் அதை மரம் என்போம். கிளை முளைக்கும் முன் இலையைச் செருகப் பார்த்திருக்கிறேன். பாதையில் எதுவரைக்கும் பொருந்தியது என்பதையும் சர்வர் பல சமயம் கூடவே சொல்லும். 50 என்றால் எனக்கு அந்த அதிகாரம் இல்லை. 49 என்றால் என் கடவுச்சொல் தவறு. இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. நான் பயன்படுத்திப் பார்த்த ஒரு வலைப்பக்கம் இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே சிவப்புப் பெட்டியைக் காட்டி, ஏதோ தவறு நேர்ந்தது, பிறகு முயலுங்கள் என்றது. பிறகு முயன்றால் மட்டும் இல்லாத கிளை முளைத்துவிடுமா?

65 என்று ஓர் எண் உண்டு. பதிவின் வகை கேட்கும் கட்டாய விவரம் ஒன்று விடுபட்டால் வருவது. என் அனுபவத்தில் அதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த எஸ்என்தான். குடும்பப்பெயர் இல்லாமல் ஆளே இல்லை என்பது எக்ஸ்.500-இலிருந்து இறங்கிவந்த முடிவு. உலகில் எத்தனையோ பேருக்கு ஒற்றைப் பெயர்தான். அவர்களை என்ன செய்வது? ஒருவர் புள்ளி வைப்பார். ஒருவர் ஹைஃபன் போடுவார். ஒருவர் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் எழுதுவார். நான் மூன்றாவது கட்சி. புள்ளியைப் பெயராகத் தாங்கிக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலுவலகத்துக்கு வந்துபோவதை என்னால் சகிக்க முடியவில்லை. தரநிலை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் எழுத ஆசை. அது வேறொரு நாளைக்கு.

திருத்துவதற்கு வருகிறேன். கட்டுரையாளர் பயப்படுவதும் இதற்குத்தான். முதலில் ஒன்று. சேர்ப்பதும் திருத்துவதும் வேறு வேறு நிரல்கள் என்பது போலக் கட்டுரையில் இருந்தது. அப்படியில்லை. எல்டாப்ஆட் என்பது எல்டாப்மாடிஃபைக்கு இன்னொரு பெயர். அந்தப் பெயரில் அழைத்தால் 'ஏ' என்ற விருப்பத்தை (ஆப்ஷனை) தானே போட்டுக்கொள்கிறது. ஒரே ஆள் இரண்டு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறார்.

திருத்தும்போது கோப்பில் டிஎன் வரிக்குக் கீழே சேஞ்ச்டைப், மாடிஃபை என்று எழுத வேண்டும். அதன் கீழே எந்தப் பண்பில், அதாவது தொலைபேசி, மின்னஞ்சல் போன்ற எந்த விவரத்தில், என்ன செய்ய வேண்டும் என்பது. ஆட் என்றால் இருப்பதோடு ஒன்று கூடும். டெலீட் என்றால் சொன்னது போகும். ரிப்ளேஸ் என்றால் அந்தப் பண்பில் இருந்த எல்லாமே போய், நான் கொடுத்தது மட்டும் நிற்கும். 'எல்லாமே' என்ற சொல்லை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. நான் அப்போது இருந்த நிறுவனத்தில் பொதுக் கோப்புகளைத் திறக்கும் உரிமையுள்ள குழு ஒன்று இருந்தது. முந்நூற்று நாற்பதுக்கு மேல் உறுப்பினர்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்கச் சொல்லி மாலை ஐந்தே முக்காலுக்குக் கேட்டார்கள். வீட்டுக்குப் போகும் அவசரம். முதல் நாள் ஒருவருடைய தொலைபேசி எண்ணை மாற்றுவதற்கு எழுதிய கோப்பு கையில் இருந்தது. அதையே நகலெடுத்து, தொலைபேசியை மெம்பர் ஆக்கி, புதியவரின் டிஎன்னை எழுதி, அனுப்பிவிட்டேன். பழைய கோப்பில் இருந்த ரிப்ளேஸ் என்ற சொல் அப்படியே இருந்தது. சர்வர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கேட்டதைத்தான் செய்தது. அந்தக் குழுவில் ஒரே ஓர் உறுப்பினர் மிஞ்சினார். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவர்.

பத்து நிமிடத்துக்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அன்று அதிகாலை எடுத்துவைத்திருந்த சேமிப்பு நகலும் எல்டிஃப் கோப்புதான். அதில் அந்தக் குழுவின் பகுதியை வெட்டி எடுத்து, இம்முறை வேண்டுமென்றே ரிப்ளேஸ் போட்டு, புதியவரையும் கடைசியில் சேர்த்து, மூன்று தடவை படித்துவிட்டு அனுப்பினேன். நாற்பது நிமிடம். என் மேலாளர் திட்டவில்லை. நான் அனுப்பிய கோப்பைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, "எந்த வரி?" என்று மட்டும் கேட்டார். ஐந்து வரிக் கோப்பு. விரலை வைத்துக் காட்டினேன்.

கட்டுரையாளர் இந்த இடத்தில் 'பார்த்தீர்களா' என்பார். ஒரு சொல் பிசகியதால் முந்நூற்று நாற்பது பேர் போனார்கள், உண்மைதான். ஆனால் "எந்த வரி?" என்ற கேள்விக்கு அன்று பதில் இருந்தது. பொத்தானை அழுத்தியிருந்தால் எந்த வரியைக் காட்டியிருப்பேன்?

பொத்தானும் அனுபவம்தான். சில ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் வலைப்பக்கம் ஒன்றைக் கொடுத்து, இனி எல்லோரும் இதில்தான் திருத்த வேண்டும் என்றார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒருநாள் ஓர் ஊழியரின் பதிவை நான் திறந்து வைத்திருந்தேன்; அதே நேரத்தில் பக்கத்து அறையில் என் சகாவும் அதே பதிவைத் திறந்திருந்தார். அவர் மின்னஞ்சல் முகவரியை மாற்றிச் சேமித்தார். நான் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தேன். என் திரையில் பழைய மின்னஞ்சல்தான் இருந்தது. அந்தப் பக்கமோ, நான் தொட்டது தொடாதது எல்லாவற்றையும் சேர்த்து ரிப்ளேஸ் என்று அனுப்பும் வழக்கமுடையது. சகா செய்த மாற்றம் சத்தமில்லாமல் அழிந்தது. அந்த ஊழியர் நான்கு நாள் கழித்து வந்து, தமக்கு யாரும் கடிதமே போடுவதில்லை என்று வருத்தப்பட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். சர்வரின் குறிப்பேட்டைத் தோண்டி எடுக்கும் வரை உண்மை தெரியவில்லை. குழுவைக் கலைத்தது என் பிழை, உடனே தெரிந்தது. இது யார் பிழையும் இல்லை, தெரியவும் இல்லை. இரண்டில் எனக்கு எது அதிக பயம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

கையால் எழுதும் கோப்பில் இதற்கு ஒரு தற்காப்பு உண்டு. ஒரு மதிப்பை மாற்றுவதற்கு ரிப்ளேஸ் போடாமல், பழைய மதிப்பை அப்படியே எழுதி டெலீட், கீழே ஒற்றை ஹைஃபன் மட்டும் உள்ள ஒரு வரி, அதன் கீழே புதிய மதிப்புக்கு ஆட் என்று எழுதுவேன். நான் நினைத்துக்கொண்டிருக்கும் பழைய மதிப்பு இப்போது அங்கே இல்லையென்றால், அதாவது இடையில் வேறு யாராவது மாற்றியிருந்தால், 16 என்று சொல்லிச் சர்வர் மறுத்துவிடும். ஒரு பதிவுக்கான மாற்றங்கள் எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், ஒன்று தவறினால் எதுவும் நடக்கக் கூடாது என்பது எல்டாப்பின் விதி. ஆகவே பழையது போய்ப் புதியது வராமல் அந்தரத்தில் நிற்கும் ஆபத்தும் இல்லை. அந்தச் சகாவும் நானும் அன்று இப்படி எழுதியிருந்தால் நான்கு நாள் சந்தேகம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் இந்த விதி பதிவுக்குப் பதிவுதான், கோப்புக்கு இல்லை. ஒரே கோப்பில் இருநூறு பேரைச் சேர்க்கும்போது நூற்று முப்பதாவது ஆளில் பிழை வந்தால் கருவி அங்கே நின்றுவிடும். முன்னே போன நூற்று இருபத்தொன்பது பேரும் உள்ளே போனவர்கள்தான். பிழையைத் திருத்திவிட்டு முழுக் கோப்பையும் மறுபடி ஓட்டினால் முதல் ஆளிலேயே 68 வந்து முட்டும். 'சி' என்ற விருப்பத்தைப் போட்டால் பிழை வந்தாலும் தாண்டித் தாண்டிப் போகும். தாண்டியவற்றைப் பெரிய எஸ் போட்டுத் தனிக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லாவிட்டால், ஓடிப்போன வரிகளில் யார் விடுபட்டார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியதுதான்.

கறுப்புத் திரை குற்றமற்றது என்று நான் வாதாடவில்லை. அதன் சேட்டைகளை நான் அறிந்த அளவு கட்டுரையாளர் அறிந்திருக்க மாட்டார். இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி வேண்டும். வெற்று வரி என்றால் வெற்று வரி. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தால், எல்டிஃப் இலக்கணப்படி அது மேல் வரியின் தொடர்ச்சி. இரண்டு ஆட்கள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொள்வார்கள். ஒருமுறை அரைநாள் அதில் போனது. கடவுச்சொல்லைக் கோப்பில் வைத்து, ஒய் என்ற விருப்பத்தால் காட்டினால், கோப்பின் கடைசியில் உள்ள வரிமுறிவையும் கடவுச்சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். சரியான கடவுச்சொல்லுக்கு 49 என்று பதில் வரும். நம் நினைவாற்றலின் மீதே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். எல்டாப்சர்ச் நீளமான வரிகளை மடித்து எழுதும். மடிப்பில் விழுந்த பெயரை வேறொரு கருவியால் தேடினால் கிடைக்காது. மடிக்காதே என்று சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆயின.

ஒரு சேட்டையை மட்டும் எனக்குப் பிடிக்கும். மதிப்பின் கடைசியில் இடைவெளி இருந்தால் எல்டாப்சர்ச் அதை வெறுமனே காட்டாது. முக்காற்புள்ளியை இரட்டையாகப் போட்டு, பேஸ்64 என்ற குறிமுறையில் மாற்றிக் காட்டும். ஒருவரால் தம் கணக்கில் நுழைய முடியவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவை எடுத்துப் பார்த்தேன். சாதாரண ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டிய அவருடைய ஹோம் டைரக்டரிப் பாதை (அவர் கோப்புகள் இருக்கும் இடம்) மட்டும் இரட்டை முக்காற்புள்ளியோடு புரியாத எழுத்துக் கோவையாக வந்தது. கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வலைப்பக்கம் அதை மிக அழகாக, வேறுபாடே தெரியாமல் காட்டியது.

இதே பேஸ்64-இல்தான் நம் தமிழ்ப் பெயர்களும் வரும். தமிழில் எழுதி வைத்த வழங்குபெயரை எல்டாப்சர்ச் தமிழாகக் காட்டாது. ஆனால் பழகிய கண்ணுக்கு அதிலும் தமிழ் தெரியும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்று பைட் பேஸ்64-இல் நான்கு எழுத்தாகும். 'தமிழ்' என்ற சொல்லில் குறிகள் ஐந்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பதினைந்து பைட், ஆகவே இருபது எழுத்து. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 'நான்கு, பெரிய கே, ஆறு' என்றோ 'நான்கு, பெரிய கே, கூட்டல் குறி' என்றோதான் தொடங்கும். புள்ளியும் ஒளகாரக் குறியும் கூட்டல் கட்சி. த, ம, ழ போன்ற எழுத்துகள் எல்லாம் ஆறு. நடுவில் இடைவெளி வந்தால் வரிசை பிசகிப்போகும், அது வேறு கதை. 'நான்கு கே ஆறு' என்று தொடங்கும் வரியைத் திரையில் கண்டால் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் முதன்முறையாக என் வேலையில் கொஞ்சம் ஆர்வம் காட்டினார்.

மீட்கவே முடியாது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். டைரக்டரி சர்வரில் 'முன்பு இருந்தபடி ஆக்கு' என்று ஒரு கட்டளை இல்லை என்பது மெய். கறுப்புத் திரையில் இல்லாதது பொத்தானுக்குப் பின்னாலும் இல்லை. வேறுபாடு இதுதான். நான் ஒரு பதிவைத் தொடும் முன் எல்டாப்சர்ச் போட்டு, இருப்பதை இருக்கிறபடி ஒரு கோப்பில் எடுத்துக்கொள்கிறேன். பிறகு மாற்றத்தை எழுதுகிறேன். அதன் பக்கத்திலேயே அதற்கு எதிர்மாற்றத்தையும், ஆட் இருந்த இடத்தில் டெலீட், டெலீட் இருந்த இடத்தில் ஆட் என்று, எழுதி வைக்கிறேன். பிறகு 'என்' என்ற விருப்பத்தோடு ஓட்டிப் பார்க்கிறேன். அது எதையும் சர்வருக்கு அனுப்பாமல், என்ன செய்யப்போகிறது என்று காட்டும். எழுத்து வடிவத்தில் உள்ள பிழைதான் அதில் சிக்கும், 65 போன்றவை சிக்காது. இருந்தாலும் வெற்று வரியில் ஒளிந்திருக்கும் இடைவெளியைக் கண்டுபிடிக்க அதுவே போதும். அதன் பிறகு கோப்பை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.

அந்தக் கடைசிப் படியைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். என்னோடு இப்போது ஓர் இளம்பெண் வேலை செய்கிறாள். வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் கோப்பை நானும் என் கோப்பை அவளும் படிக்காமல் எதுவும் சர்வருக்குப் போகாது. முதலில் அவளுக்குக் கூச்சம். என் கோப்பில் என்ன தவறு கண்டுபிடித்துவிடப் போகிறோம் என்று சும்மா தலையாட்டுவாள். சென்ற மாதம், "மேடம், இதில் ரிப்ளேஸ் என்று இருக்கிறதே, அவருக்கு ஏற்கெனவே இரண்டு மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன, இரண்டும் போய்விடாதா?" என்று கேட்டாள். போய்விடும்தான். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் முந்நூற்று நாற்பது பேரைக் கலைத்த அதே கை, அதே சொல். திருத்தினேன். அவளுக்கு அந்தக் கதையையும் சொன்னேன். அதற்குப் பிறகு தலையாட்டுவது நின்றுவிட்டது. வலைப்பக்கத்தில் நான் பொத்தானை அழுத்தும்போது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எதைப் படித்திருப்பாள்?

வலைப்பக்கங்களே கூடாது என்பதல்ல நான் சொல்வது. ஊழியர் ஒருவர் தம் தொலைபேசி எண்ணைத் தாமே மாற்றிக்கொள்ள எல்டிஃப் படிக்க வேண்டும் என்று சொன்னால் என்னைத் துரத்துவார்கள், துரத்தவும் வேண்டும். ஒரு குழுவையோ நூறு பேரையோ ஒரே நேரத்தில் தொடும் மாற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். கட்டுரையாளருக்கு நேரமிருந்தால் ஒருநாள் எங்களோடு வந்து உட்காரட்டும். அடுத்த வாரம் எழுபது பேரை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. கோப்பு தயாராக இருக்கிறது. படித்துப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
டைரக்டரி சர்வர் நிர்வாகி

பி.கு.: கடிதத்தை உறையில் இடும் முன் கட்டுரையை மறுபடி எடுத்து, அந்தக் கறுப்புத் திரைப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எல்டாப்மாடிஃபை கட்டளைதான். மேலே பெரிய டபிள்யூ என்று எழுதியிருந்தேன். அது கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும், திரையில் காட்டாது. படத்தில் இருப்பது சின்ன டபிள்யூ. அதைப் போட்டால் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுத வேண்டும். எழுதியிருக்கிறார்கள். பதினொரு எழுத்து, அச்சில் தெளிவாகப் படிக்க முடிகிறது. மேல் வரியில் சர்வரின் பெயரும் தெரிகிறது. படத்தைக் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவரைத் தொலைபேசியில் அழைத்து இன்றே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். கணினியில் கட்டளைகளின் வரலாற்றுக் கோப்பிலும் அது பதிந்திருக்கும், அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.